ஆளில்லாப் பொட்டலுக்கு இருபத்தைந்து மைல்

முதலில் ஒரு பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். புதுக்கோட்டையில் என் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் கண்ணாடி போட்டு ஒரு பாலைவனப் படம் தொங்கும். மணல்மேடு, அதன் மேல் ஒரு கோடு போல ஒட்டக வரிசை, மூலையில் என் கையெழுத்து. அதை நான் எடுக்கவில்லை. நூல் வியாபாரி ஒருவர் கொடுத்த காலண்டரில் மே மாதத்துக்கு மேலே இருந்த படம் அது. மாதத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் நான் போட்டேன். கேட்டவர்களிடமெல்லாம், "ராஜபுதனத்தில் எடுத்தது, ஒட்டகத்திலிருந்து விழுந்ததில் தோள்பட்டை பிசகிவிட்டது" என்று பதின்மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறேன். தோள்பட்டை பிசகியது நிஜம். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தேன்.

வடக்கே நான் போன அதிகபட்ச தூரம் திருச்சி. அதுவும் படத்தகடு வாங்க. ஆனால் பாலைவனத்துக்குப் போக வேண்டும், மனிதர்களே இல்லாத மண்ணை ஒரு தடவையாவது படம் பிடிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் பொய்யில்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் பிடித்ததெல்லாம் மனிதர்களைத்தான். அத்தனை பேரையும் ஒரே இடத்தில் நிறுத்தித்தான். என் ஸ்டூடியோவில் ஒரு படுதா உண்டு. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டிருந்தவர் எழுதியது. பனிமலை, அடியில் ஏரி, ஏரியில் இரண்டு அன்னம். ஒன்று வாத்து மாதிரி இருக்கும். அவரிடம் கேட்டேன், "அது தூரத்து அன்னம்" என்றார். சமஸ்தானம் போய் இத்தனை வருஷமாகிவிட்டது. அந்த அன்னம் இன்னும் தூரத்திலேயே இருக்கிறது. இந்த வட்டாரத்தில் கல்யாணமான பாதிப் பேர் அந்தப் பனிமலைக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றவர்கள்தான்.

அப்படிப்பட்ட நான் போன பங்குனியில் ஒரு நாள், தன்னந்தனியாக, மோட்டார் சைக்கிளில், ஆளில்லாத பொட்டலைப் படம் பிடிக்கப் போனேன். மொத்தம் இருபத்தைந்து மைல். சிரிக்காதீர்கள். என் அளவில் அதுதான் ராஜபுதனம். என்னைப் போல ஆசைப்பட்டு, என்னைப் போலவே காசில்லாமல் இருப்பவர்கள் போய் வரட்டும் என்றுதான் நேரம், செலவு, தூரம் எல்லாவற்றையும் குறித்து வைத்து எழுதுகிறேன்.

போகக் காரணமானவள் வள்ளிக்கண்ணு. இலுப்பூரைத் தாண்டி ஐந்து மைலில் ஒரு கிராமத்துக்காரி. புருஷன் அடைக்கலம், கல்யாணமாகி ஒரே வருஷத்தில் மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். தை பிறந்ததும் வள்ளிக்கண்ணு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். வருஷத்துக்கு ஒரு படம். பனிமலை, அன்னம், வள்ளிக்கண்ணு. நான் அதைக் கடல் தபாலில் அனுப்பி வைப்பேன். இப்படிப் பதினொரு தை. முதலில் வந்தபோது இருபத்திரண்டு வயசுப் பெண். எதைச் சொன்னாலும் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். இப்போது முப்பத்து மூன்று. நான் எதையாவது சொன்னால் எனக்குத்தான் சிரிப்பு வருகிறது, பயத்தில்.

இந்தத் தையில் அவள் வரவில்லை. மாசிக் கடைசியில் வந்தாள். வந்தவள் படுதாவின் பக்கம் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, இந்த வருசம் எனக்குப் படம் வேணாம்."

"ஏன் தாயி? ஒனக்காக மலைக்குப் புது வெள்ளை அடிச்சு வச்சிருக்கேன்."

"அவருக்கு நான் வேணாமாம். பொட்டல் வேணுமாம்." கடுதாசியை எடுத்து மேசையில் போட்டாள். "நீங்களே படிங்க. நான் நாலு தரம் படிச்சிட்டேன். நாலு தரமும் அதையேதான் சொல்லுது."

படித்தேன். சுகம், சுகத்துக்கு மறுமொழி, தோட்டத்தில் மழை. பிறகு இது: "நமது கொல்லைக்குத் தெற்கே உள்ள பொட்டலை, இரட்டைப் பனையும் நரிப்பாறையும் தெரியும்படி, பெரிய அளவில் படம் எடுத்து அனுப்பவும். படத்தில் யாரும் நிற்க வேண்டாம். நீயும் நிற்க வேண்டாம்." கடைசி வாக்கியத்துக்கு அடியில் கோடு.

எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷன் என்னிடம் ஆளில்லாத மண்ணைக் கேட்கிறான். அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒங்களுக்கு என்னண்ணே சிரிப்பு?" என்றாள். "பக்கத்து ஊருல ஒருத்தரு இப்படித்தான். மொதக் கடுதாசியில வீட்டைப் படம் புடிச்சு அனுப்புன்னாரு. ரெண்டாவதுல பத்திரத்தை அனுப்புன்னாரு. மூணாவது கடுதாசி அந்தூருக்காரி எழுதுனது. புள்ளைக்குப் பேரு வச்சிருக்காகளாம்."

"அது வீடு. இந்தப் பொட்டலை எவன் வாங்குவான்?"

"அதான் எனக்கும் தெரியல. அதான் பயமா இருக்கு."

அவள் பயந்தது மண்ணுக்காக இல்லை என்பது கோடு போட்ட அந்த வாக்கியத்தை அவள் விரலால் மூடிக்கொண்டிருந்ததிலேயே தெரிந்தது. எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள். "வந்து எடுத்துக் குடுங்க. ஆனா நீங்க எடுக்கிற நேரத்துல நான் குறுக்க வந்து நிப்பேன். சொல்லிட்டேன், பாத்துக்கிருங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து இருபதுக்குக் கிளம்பினேன். வண்டி என் மச்சினருடையது. பட்டாளத்தில் ஏலம் எடுத்தது. அதற்குப் போகத் தெரியும், நிற்கத்தான் யோசிக்கும். பெட்ரோல் ஒரு காலன், மூன்றேகால் ரூபாய். பின்னால் முக்காலி, கேமிராப் பெட்டி, கறுப்புத் துணி, எட்டுக் கண்ணாடித் தகடு. எட்டுத் தகடென்றால் எட்டே எட்டுப் படம். உடைந்தால் அதுவும் இல்லை. என் சம்சாரம் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, "ஒட்டகம் ஏதாச்சும் கண்ணுல பட்டா ஏறாம வாங்க" என்றாள். காலண்டர் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள்.

ஊரைத் தாண்டி மேற்கே திரும்பினதும் நான்காவது மைலிலிருந்து பச்சை குறைய ஆரம்பிக்கிறது. ஆறாவது மைலில் தீர்ந்துவிடுகிறது. பிறகு செம்மண். செக்கச் செவேலென்று, ஓடு உடைத்துக் கொட்டினாற்போல. அங்கங்கே ஆவாரை, சப்பாத்திக் கள்ளி, வறண்ட கண்மாய். கண்மாயின் நடுவில் வெடிப்பு விழுந்த வண்டல், அதில் போன வருஷத்து மாட்டுக் குளம்புகள். திடீரென்று மண்ணிலிருந்து ஒரு பாறை எழுந்து நிற்கும், மொட்டையாக. இந்த ரோட்டில் எத்தனையோ தடவை கல்யாணப் படம் எடுக்கப் போயிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய காரின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே. அன்றைக்குத்தான் பார்த்தேன். வெயில் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நீள நிழல். இதைத் தாண்டியா நான் ராஜபுதனம் போக நினைத்தேன் என்று இருந்தது. அடுத்த நிமிஷம், ஆமாம், அப்படியும் போகத்தான் வேண்டும் என்றும் இருந்தது. ஆசைப்பட்டவனுக்கு எது கிடைத்தாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று தெரியும் போலிருக்கிறது.

குடுமியான்மலை பதின்மூன்று மைல். ஆறு முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கோவிலை ஒட்டிய பாறையில் சங்கீதத்தின் ஸ்வரங்களை அந்தக் காலத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கலாம். நான் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன், குளிர்ச்சியாக இருந்தது. எதிரே டீக்கடை. டீ பத்து நயா பைசா. கடைக்காரர் முக்காலியைப் பார்த்தார்.

"சர்வேங்களா சார்?"

"இல்லைங்க. போட்டோ."

"யாரு வீட்டுக்கு?"

"வீடு இல்ல. பொட்டலை எடுக்கப் போறேன். ஆள் இல்லாம."

அவர் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். "ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்கு சார் போட்டோ? அது யாருக்குக் காட்டப் போகுது?"

பாறைமேல் வெயில் நன்றாக இருந்ததால் அங்கேயே ஒரு தகடு எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது பாறைக்கு முன்னால் டீக்கடைக்காரர், டீ குடிக்க வந்த மூன்று பேர், கையில் கிளாஸ். எப்போது வந்து நின்றார்கள் என்று சத்தியமாகத் தெரியாது.

கேமிரா பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னுடையது பழைய மாதிரி. பின்னால் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அதில் பார்க்க வேண்டும். அதில் உலகம் தலைகீழாகத் தெரியும், இடது வலதும் மாறியிருக்கும். இருபத்திரண்டு வருஷமாகத் தலைகீழாகவே பார்த்துப் பழகியதில் எனக்கு நேரே பார்ப்பதுதான் கொஞ்சம் சிரமம். வீட்டில் இதை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து இலுப்பூர் ஏழு மைல். சரளை ரோடு. மூன்றாவது மைலில் பின்சக்கரம் இறங்கியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினார்.

"நீங்க வண்டியத் தள்ளுறீங்களா சார், வண்டி ஒங்களத் தள்ளுதா?"

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டோம்."

"அப்ப மெதுவா வாங்க. எங்கிட்டுப் போறதா இருந்தாலும் பொட்டல் அங்கதான் கெடக்கும்!"

டீக்கடைச் செய்தி பஸ்ஸில் ஏறிவிட்டது என்று அதிலேயே புரிந்திருக்க வேண்டும். ஒன்பதே காலுக்கு இலுப்பூர் போய், பஞ்சர் ஒட்ட அறுபது நயா பைசா, நான்கு இட்லிக்கு இருபத்தைந்து என்று செலவழித்து நிமிர்ந்தால், ஹோட்டல்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "ஏரோப்ளேன் எறங்க எடம் பாக்குறது நீங்கதானே? எங்க சின்ன மாமனாரு நெலம் மேடாத்தான் இருக்கும், வேணுமின்னா பாருங்க."

இலுப்பூருக்கு அப்பால் ஐந்து மைல் வண்டித்தடம். போய்ச் சேர்ந்தபோது பதினொன்று இருபது. அந்த நேரத்தில் அங்கே போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிழல் என்று ஒன்று கிடையாது. உங்கள் நிழலே உங்கள் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். படத்துக்கு வெளிச்சம் சாயும்வரை காத்திருந்தேன். புளிச்சோறு தின்றேன். மூன்றரைக்கு முக்காலியை நாட்டினேன்.

சொர்க்கம். வடக்கே வள்ளிக்கண்ணுவின் கொல்லைவேலி. அதற்குத் தெற்கே ஒன்றுமே இல்லை. அவ்வளவு அழகான ஒன்றுமில்லாமை. சிவந்த மண் வானம்வரை போகிறது. ஒரு பக்கம் நரிப்பாறை, குந்தி உட்கார்ந்த நரி மாதிரி. இன்னொரு பக்கம் இரட்டைப் பனை. கறுப்புத் துணிக்குள் நுழைந்தேன். தலைகீழான பொட்டலில், தலைகீழாக, இருபது முப்பது பேர் வேட்டியும் துண்டுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

துணியை விலக்கினேன். ஊரே வந்திருந்தது. முன்னால் ஊர் அம்பலம். அந்த ஊரின் பெரிய தலை. அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை.

"ஐயா, கொஞ்சம் ஒதுங்கி நின்னா நல்லது" என்றேன்.

"எங்கிட்டு ஒதுங்குறது? ஊருக்கு வந்த மனுசன் வெயில்ல ஒத்தையில நிக்கிறீங்க. ஒங்களை விட்டுட்டு நாங்க நெழல்ல போய் நின்னா நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவான்?"

இது அந்தப் பக்கத்து வழக்கம். வெளியாளைத் தனியாக நிற்க விடமாட்டார்கள். நீங்கள் ஒரு மரத்தடியில் ஒதுங்கினால்கூட ஒருவர் துணைக்கு வந்து, கொஞ்சம் தள்ளி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். மரியாதை. அந்த மரியாதை எனக்கு நான்கு தகடு செலவு வைத்தது. ஒதுங்கச் சொன்னேன், பாறைக்குப் பின்னால் ஒதுங்கித் தலையை மட்டும் நீட்டினார்கள். குனியச் சொன்னேன், குனிந்தார்கள், 'க்ளிக்' என்றதும் எல்லாரும் எழுந்தார்கள்.

அம்பலம் பக்கத்தில் வந்து, எனக்கு நல்லது சொல்லும் குரலில் சொன்னார்: "அங்க இருக்கிறவன் பாத்தா என்ன நெனப்பான்? ஊர்ல ஒரு குஞ்சு குளுவான்கூட இல்ல, எல்லாம் செத்துப்போச்சுன்னு நெனப்பான். நாலு பேராவது நிக்கட்டும். நானு நிக்கிறேன். அடைக்கலத்துக்கு நான் சித்தப்பன் மொறை."

ஐந்தாவது தகடும் சப்பாத்திக் கள்ளிக்குள் யாரோ இருமியதில் போனது. குடுமியான்மலையில் எடுத்ததோடு ஆறு போயாயிற்று, இன்னும் இரண்டுதான் பாக்கி. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. "எல்லாரும் எனக்குப் பின்னால நில்லுங்க. எனக்குத் துணைக்குத் துணையும் ஆச்சு" என்றேன். அவ்வளவுதான். முப்பது பேரும் சாதுவாகப் பின்னால் வந்து நின்றார்கள். முதல் தகட்டிலேயே இதைச் சொல்லியிருந்தால் நான் புத்திசாலி. இந்தக் கட்டுரையும் இரண்டு பக்கம் குறைந்திருக்கும்.

மணி ஐந்து. மேற்கிலிருந்து வெளிச்சம் மண்ணைத் தடவிக்கொண்டு வந்தது. பொட்டல் காலி. துணிக்குள் புகுந்தேன். ஓரத்திலிருந்து, தலைகீழாக, ஒரு கடுகுமஞ்சள் பட்டுச்சேலை நடந்து வந்தது.

வள்ளிக்கண்ணு. தலை நிறையப் பூ. நேரே இரட்டைப் பனைக்கு அடியில் போய், என்னைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பனிமலைக்கு முன்னால் நிற்பாளே, அதே மாதிரி கையை முன்னால் கோத்துக்கொண்டு.

நான் நடந்து போனேன். நூற்றுப் பத்து அடி. எண்ணியபடி போனேன்.

"தாயி, அவரு வேணாம்னு..."

"சொன்னேன்ல குறுக்க நிப்பேன்னு. பதினோரு வருசம் என் மூஞ்சி வேணுமா இருந்துச்சு. இப்ப ஒரு கள்ளியும் காஞ்ச மண்ணும் பெருசாப் போச்சா? அந்தப் பாறைய விட நான் என்ன அசிங்கமாவா இருக்கேன்?"

"அந்தப் பாறை ஒங்கிட்ட நிக்க முடியாது தாயி."

அவள் சிரிக்கவில்லை. "எத்தன கண்ணாடி இருக்கு?"

"ரெண்டு."

"ஒண்ணு நான் நிக்கிறது. ஒண்ணு நிக்காதது. எத அனுப்புறதுன்னு நான் சொல்றேன்."

எடுத்தேன். அவள் நிற்பதை முதலில். பிறகு அவள் நகர வேண்டும். பொட்டலில் ஒரு ஆள் படத்திலிருந்து வெளியே போக எவ்வளவு நேரமாகும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. ஓடி மறைய ஒரு மரம் இல்லை, மேடு இல்லை. நடந்தே தீர வேண்டும். கண்ணாடியில் கடுகுமஞ்சள் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போனது. ஓரத்தில் போய் நின்றது. "இன்னும் தெரியுறேனா?" என்று குரல் வந்தது. "தெரியுற தாயி." இன்னும் நான்கு அடி. "இப்ப?" "இல்ல."

அவ்வளவு நேரம் நான் ஏங்கியது கிடைத்துவிட்டது. ஆளில்லாத மண். காக்காய்கூட இல்லை. நானும் துணிக்குள் இருந்தபடி அதைப் பார்த்தேன். ஏதோ ஒன்று குறைந்தது. முழு வீடு இருந்து சாவி இல்லாதது போல. ஒரு அரை நிமிஷம் ஷட்டரைத் திறக்கிற ரப்பர் பந்தை அழுத்தாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அம்பலம் சொன்னார், "சார், சூரியன் ஒங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காது." அழுத்தினேன். ஐந்து பதினேழு.

திரும்பும்போது வண்டி மறுபடி பஞ்சர் ஆகவில்லை. இதைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை வள்ளிக்கண்ணு வந்தாள். தகட்டளவிலேயே இரண்டு சின்னப் படம் போட்டு வைத்திருந்தேன். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தெருவில் இரண்டு ஜட்கா போய், ஒன்று திரும்பியும் வந்துவிட்டது.

"இதை அனுப்புங்க" என்று வெறும் பொட்டலைத் தொட்டாள்.

"நெசமாவா?"

"கேட்டதை அனுப்புனாத்தானே என்ன நெனப்புல கேட்டாருன்னு தெரியும். பெருசாப் போட்டு அனுப்புங்க." சின்னப் படம் இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

பெரிதாகப் போட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். இருட்டறையில் அந்தப் பொட்டல் தண்ணீருக்கடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தபோது, எனக்கு யார்மேல் என்று தெரியாத ஒரு கோபமும், அழுகையும், கூடவே பெருமையும் வந்தன. என் முதல் நிலக்காட்சி. மூலையில் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை திருட்டில்லை. அனுப்பிவிட்டேன். இன்னொரு பிரதி போட்டு, காலண்டர் பாலைவனத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் மாட்டினேன்.

பிறகு காத்திருப்பு. சித்திரை, வைகாசி. அவள் வரவில்லை. நான் இரண்டு தடவை, வேறு வேலை இருப்பது போல, பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் வந்தேன். பொட்டலைப் படம் பிடித்துக் கொடுத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையை விற்றுவிட்டேனோ என்று இருந்தது. அம்மாதிரி நேரங்களில் என் ஸ்டூடியோ பனிமலையைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

ஆனி பிறந்து ஒரு வாரத்தில் வந்தாள். கையில் அட்டை வைத்துக் கட்டிய பெரிய உறை. அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

என் பொட்டல்தான். ஆனால் அதில் பதினொரு வள்ளிக்கண்ணுகள் நின்றார்கள்.

பதினொரு வருஷப் படங்களிலிருந்தும் அவளை மட்டும் கத்தரித்து எடுத்திருக்கிறார் அடைக்கலம். நகவெட்டிக் கத்திரியாக இருக்க வேண்டும். விரல்களுக்கு இடையில்கூடப் பனிமலை ஒட்டவில்லை. எல்லாரையும் பசை போட்டுப் பொட்டலில் நிறுத்தியிருக்கிறார். இருபத்திரண்டு வயசு வள்ளிக்கண்ணு பனைக்கடியில். இருபத்தாறு பாறைக்குக் கீழே. முப்பத்திரண்டு எல்லாருக்கும் முன்னால். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல, ஒருத்தர்மேல் ஒருத்தர் இடிக்காமல்.

கடுதாசியை அவளே படித்தாள், எனக்காகச் சத்தமாக: "நீ ஒவ்வொரு வருஷமும் பனியிலே நின்றுகொண்டிருந்தாய். ஒரு போர்வைகூட இல்லை. பார்க்கிற எனக்குக் குளிரும். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. என்னிடம் நீ இருக்கிறாய், உன்னை வைக்க இடம்தான் இல்லை. அதற்காகத்தான் கேட்டேன். படம் வந்தது. ஒரு கல்கூட இடம் மாறவில்லை. கண்ணை மூடினால் நான் பார்ப்பது இதேதான். ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்து இதையே ஒரே படமாக எடுத்து, பிரதி ஒன்று அனுப்பவும். வருகிற தையில் கட்டாயம் வருகிறேன்."

கடைசி வாக்கியத்தைப் பதினொரு வருஷமாக எழுதுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். தையில் படத்துக்கு வரும்போதெல்லாம் அவர் கடுதாசியை என்னிடம் காட்டுவாள். ஆனால் அன்றைக்கு வள்ளிக்கண்ணு அதைப் படித்த குரல் வேறு.

"கோட்டிக்கார மனுசன்" என்றாள். முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஒவ்வொருத்தியாகத் தொட்டாள். "இந்தச் சீலை வாங்குன வருசம் மழையே இல்ல. இது காச்சலோட வந்தேன். இவ ஏன் இப்படி மொறைக்கிறா?" பிறகு விரல் நின்றது.

"அண்ணே. நரிப்பாறை ஏன் அங்கிட்டுப் போயிருச்சு?"

"எங்கிட்டு?"

முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சின்னப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். சின்னதில் பாறை இடது பக்கம், பனை வலது பக்கம். பெரியதில் பாறை வலது பக்கம், பனை இடது பக்கம்.

நான் உள்ளே போய், அவள் நிற்கிற தகட்டையும் எடுத்துச் சரி பார்த்தேன். சந்தேகமே இல்லை. பெரிதாகப் போடும்போது தகட்டை முதுகு மாற்றி வைத்திருக்கிறேன். ஆள் இருக்கிற படமென்றால் உடனே தெரிந்துவிடும். பெண்களுக்கு மாராப்பு இடது தோளில் வரும், ஆண்களுக்குச் சட்டைப் பை இடது பக்கம் இருக்கும். பொட்டலுக்கு ஏது சட்டைப் பை? கறுப்புத் துணிக்குள் இடவலம் மாறித்தானே நானும் பார்த்தேன். எனக்கு அது சரியாகவே இருந்திருக்கிறது.

"எழுதிரவா தாயி? வேற போட்டு அனுப்பிர்றேன்."

அவள் கடுதாசியைப் பார்த்தாள். 'ஒரு கல்கூட இடம் மாறவில்லை.'

"பதினோரு வருசம்ல" என்றாள். பிறகு, "எழுத வேணாம். வந்து பாத்துக்கிறட்டும்."

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பங்குனி கடந்து போகாதீர்கள். தார் இல்லாத ரோட்டிலும் கால் சுடும். மோட்டார் சைக்கிள் இல்லாதவர்கள் இலுப்பூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து வாடகைச் சைக்கிள் எடுக்கலாம். நாள் வாடகை ஒரு ரூபாய், டைனமோ எரியாது. தண்ணீர் இரண்டு பாட்டிலாவது வேண்டும். என் மொத்தச் செலவு, தகடு நீங்கலாக, நான்கு ரூபாய் இருபது. ஊரார் துணைக்கு வந்தால் முதலிலேயே உங்களுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒருவரை முன்னாலும் நிறுத்துங்கள். வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது நினைத்ததைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

இந்தக் கட்டுரையோடு அந்தப் பெரிய படம் அச்சாகியிருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் என் சுவரில் மாட்டியிருந்த பிரதியைப் பார்த்துக் கேட்டு வாங்கி, அச்சுக்கு ப்ளாக்கும் செய்து முடித்துவிட்டார்கள். இனி மாற்ற முடியாது. அதை வைத்துக்கொண்டு வழி கண்டுபிடிக்கிறவர்கள் கவனிக்க: நேரில் நரிப்பாறை இடது பக்கம் இருக்கிறது.